கச்சான் காலத்துத் தலைமுடியும் ஆவியின் வேலையும்

மட்டக்களப்பில் கச்சான் காற்று எழும்பிவிட்டால் முதலில் காய்வது முற்றத்து மண். அதற்கடுத்தது எங்கள் தலைமுடி. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவிலேயே கொட்டித் தீர்த்துவிட்டு, மலையைத் தாண்டிக் கீழிறங்கும்போது வெப்பமேறி, ஈரம் வற்றிய காற்றாக எங்கள் பக்கம் வந்து சேர்கிறது. ஆனி, ஆடி மாதங்களின் பிற்பகலில் கல்லடிப் பாலத்தைக் கடந்து வீடு திரும்புகிறவர்களுக்கு அந்தக் காற்றைப் பற்றி நான் விளக்கவேண்டியதில்லை. அந்த மாதங்களில்தான் ஆசிரியர் அறையில் ஒரே கேள்வி என்னிடம் திரும்பத் திரும்ப வருகிறது: பார்லருக்குப் போகாமல் வீட்டிலேயே தலைமுடிக்கு ஆவி பிடித்தால் முடியில் ஈரப்பதம் ஏறுமா? நான் இரசாயனவியல் படிப்பிக்கிறவள் என்பதால் கேட்கிறார்கள். என் பின்னல் இடுப்பைத் தொடுவதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஏறும், ஆனால் நிற்காது என்பதே என் பதில். முடிக்குள் ஆவி கொண்டுபோய்ச் சேர்க்கும் தண்ணீர், ஆவியை விட்டு வெளியே வந்த சிறிது நேரத்திலேயே காற்றோடு கலந்து போய்விடும். அப்படியிருந்தும் ஆவி பிடிப்பதை நான் விடவில்லை, மற்றவர்களையும் விடச் சொல்வதில்லை. ஏனென்றால் ஆவி செய்கிற உண்மையான வேலை வேறொன்று. அந்த வேலை எதுவென்று தெரிந்துகொண்டால் எதைப் பூசுவது, எங்கே பூசுவது, எந்த மாதத்தில் செய்வது, எப்போது நிறுத்துவது என்பவை எல்லாம் தாமாகவே தெளிவாகிவிடும்.

தலைமுடி கெரற்றின் என்ற புரதத்தால் ஆனது. நடுவே நார்நாராகப் பின்னிக் கிடக்கும் பகுதியே முடிக்கு வலுவைக் கொடுக்கிறது. அதைச் சுற்றி, ஒவ்வொன்றும் ஏறத்தாழ அரை மைக்குரோமீற்றர் தடிப்புள்ள செதில்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஆறு முதல் பத்து அடுக்குகள் வரை படிந்திருக்கின்றன. வெளிச்செதிலின் மேற்பரப்பில், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கொழுப்புப் படை ஒன்று இரசாயனப் பிணைப்பால் ஒட்டியிருக்கிறது. அதில் முதன்மையானது 18-மெதயில் ஐக்கோசனோயிக் அமிலம் என்ற நீண்ட பெயருடைய கொழுப்பமிலம். புதிதாக முளைத்த முடி தண்ணீரை எளிதில் ஏற்காமல் வழுக்கிக்கொண்டு இருப்பதும், விரலுக்கு மிருதுவாகப் படுவதும், பின்னலில் இருந்து சிக்கின்றிப் பிரிவதும் இந்தப் படையால்தான். முடியை வெளிற வைக்கும் இரசாயனங்களும் நேராக்கும் காரமான களிம்புகளும் இதை ஒரே தடவையில் பெயர்த்துவிடுகின்றன. வெயில், சீப்பு, தலையணை உறையின் உராய்வு, அடிக்கடி ஷம்பூ போடுவது ஆகியவை அதே வேலையை மெதுவாகச் செய்கின்றன. ஒருமுறை போனால் அது அந்த இடத்தில் மீண்டும் வளராது, ஏனென்றால் தலைக்கு வெளியே தொங்கும் முடியில் உயிர் இல்லை.

இதை ஒரு கணக்கோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் வளர்கிறது. அப்படியானால் 60 சென்ரிமீற்றர் நீளமுள்ள பின்னலின் நுனிக்கு வயது ஐந்து. அந்த நுனி ஐந்து கச்சான் காலங்களையும் ஐந்து மாரி காலங்களையும் கண்டிருக்கிறது. ஆயிரக்கணக்கான தடவைகள் சீப்புப் பட்டிருக்கிறது. அதே தலையில் காதுக்கு மேலே உள்ள முடியோ சென்ற ஆண்டு முளைத்தது. ஒரே தலையில் இருக்கும் இந்த இரண்டுக்கும் ஒரே வைத்தியம் செய்கிறோம் என்பதுதான் எங்கள் பெண்களின் பராமரிப்பில் நான் காணும் பெரிய குறை. எண்ணெய் என்றால் உச்சியில் வைத்துத் தேய்க்கிறோம். கண்டிஷனர் என்றாலும் உச்சியில் இருந்தே தொடங்குகிறோம். உச்சிக்குச் சுரப்பிகள் ஊறவைக்கும் எண்ணெய் இருக்கிறது. நுனிக்கோ நாங்கள் கொடுப்பதைத் தவிர வேறொன்றும் இல்லை.

இப்போது தண்ணீருக்கு வருவோம். ஈரம் நிறைந்த காற்றில் வைத்தால் தலைமுடி தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் வரை தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அப்போது அதன் விட்டம் 15 சதவீதம் அளவுக்குப் பருக்கும். நீளமோ ஒன்றிரண்டு சதவீதம்தான் கூடும். முடி எவ்வளவு தண்ணீரை வைத்திருக்கவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது சுற்றியிருக்கும் காற்று. முடி அந்தக் காற்றோடு சமநிலைக்கு வரும் வரை தண்ணீரை எடுக்கும் அல்லது விடும். ஆவிக்குள் தலையை வைத்திருக்கும்போது வயிறு நிறையக் குடித்த முடி, மின்விசிறியின் கீழே வந்து அமர்ந்ததும் அந்தத் தண்ணீரைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. கச்சான் காற்றில் அது இன்னும் விரைவாக நடக்கும். எந்த நிறுவனத்தின் இயந்திரமும், எத்தனை ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய தொப்பியும் இந்தச் சமநிலையை மாற்ற முடியாது.

அப்படியென்றால் முடி 'காய்ந்திருக்கிறது' என்று எங்கள் விரல் சொல்வது எதை? பெரும்பாலும் மேற்பரப்பின் சொரசொரப்பைத்தான். இதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை; மார்கழி மாதம் போதும். வாடைக்காற்றும் அடைமழையும் சேர்ந்த அந்த நாட்களில் காற்றில் ஈரம் நிறைந்திருக்கிறது, ஆகவே ஆண்டிலேயே அதிகத் தண்ணீரை எங்கள் முடி வைத்திருப்பது அப்போதுதான். ஆனால் அப்போதுதான் முடி சிலும்பி, சீப்புக்கு அடங்காமல், தொட்டால் வறண்டது போல நிற்கிறது. தண்ணீர் கூடியதால் முடி பருத்து, செதில்கள் எழும்பி, ஒன்றோடொன்று உராய்கின்றன. முடியில் ஈரம் இருப்பதும் முடி மிருதுவாக இருப்பதும் வெவ்வேறு விடயங்கள் என்பதை எங்கள் ஊர்க் காலநிலையே ஒவ்வோர் ஆண்டும் காட்டிவிடுகிறது. ஈரப்பதம் ஊட்டும் என்று சொல்லி விற்கப்படும் கண்டிஷனர்களில் பலவும் உண்மையில் செய்வது, பெயர்ந்துபோன கொழுப்புப் படைக்குப் பதிலாக ஒரு வழுவழுப்பான பூச்சைத் தற்காலிகமாகக் கொடுப்பதுதான்.

ஆவியின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. சேதமடைந்த முடியின் மேற்பரப்பில் மறை மின்னேற்றம் கூடுதலாக இருக்கும். கண்டிஷனரில் உள்ள பெஹென்ட்ரைமோனியம் குளோரைட்டு போன்ற பொருட்கள் நேர் மின்னேற்றம் கொண்டவை. ஆகவே அவை சேதம் கூடிய இடத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்கின்றன. கூடவே சீற்றைல் அற்ககோல் போன்ற மெழுகுத்தன்மையான கொழுப்புகளும் படிகின்றன. இளஞ்சூடு இருந்தால் இவை இளகி, கட்டியாக ஓரிடத்தில் நிற்காமல், முடி நெடுகப் பரவுகின்றன. எண்ணெயும் அப்படியே, வெப்பம் ஏற ஏற அதன் பாகுநிலை குறைந்து, செதில்களின் இடுக்கு வழியே உள்ளே செல்வது இலகுவாகிறது. ஆக, ஆவியை நான் ஒரு மருந்தாகப் பார்ப்பதில்லை. பூசியதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வண்டியாகவே பார்க்கிறேன். எதையும் பூசாமல் வெறும் முடிக்கு ஆவி பிடிப்பது வெறும் வண்டியை ஓட்டுகிற கதைதான்.

வெறும் ஆவியால் தீங்கும் உண்டு. பருத்துச் சுருங்கி, பருத்துச் சுருங்கி வரும்போது செதில்களின் விளிம்பு தளர்கிறது. வாரத்தில் பல நாட்கள் ஆவி பிடிக்கும் பழக்கம், ஏற்கனவே சாயமிட்டு அல்லது நேராக்கி நலிந்த முடியை மேலும் நலியச் செய்யும். இந்த இடத்தில் தேங்காயெண்ணெய்க்கு ஒரு தனிச் சிறப்பு இருக்கிறது. இந்திய ஆய்வாளர்கள் இருவர் 2003 ஆம் ஆண்டு வெளியிட்ட ஓர் ஆய்வில் தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிய எண்ணெய் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டார்கள். முடியிலிருந்து புரதம் கழுவப்பட்டுப் போவதைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைத்தது தேங்காயெண்ணெய் மட்டுமே. அதுவும் கழுவுவதற்கு முன்னர் பூசியபோது நல்ல பலன் தெரிந்தது. தேங்காயெண்ணெயில் ஏறத்தாழ பாதி லோரிக் அமிலம் என்ற கொழுப்பமிலம்; அதன் மூலக்கூறு சிறியது, நேரான சங்கிலி, புரதத்தோடு ஒட்டும் இயல்புடையது. ஆகவே அது முடிக்குள்ளே போய் இருந்துகொண்டு, தண்ணீர் வந்து முடி பருப்பதைக் குறைக்கிறது. முழுகுவதற்கு முன் எண்ணெய் வைக்கும் எங்கள் வழக்கத்துக்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. முழுகி முடித்த பின் எண்ணெயைத் தடவிக்கொண்டு வெயிலில் போகும் வழக்கத்துக்கு மட்டும் என்னிடம் நல்ல சொல் எதுவும் இல்லை. புழுதி பிடிப்பதுதான் மிச்சம்.

எங்கள் தண்ணீரைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் வெளியூரில் எழுதப்படும் அழகுக் குறிப்புகளில் இது வராது. கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி எல்லாம் வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணற்திட்டில் இருக்கும் ஊர்கள். மணலுக்குள் இறங்கிய மழைநீர், அடியில் உள்ள உப்புநீரின் மேலே மெல்லிய படையாக மிதந்து நிற்கிறது. அதைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். கோடையில் அந்தப் படை மெலிந்துவிட, சில கிணறுகளில் தண்ணீர் உவர்த்துப் போகிறது. 2004 மார்கழி 26 ஆம் திகதி கடல் உள்ளே வந்தபோது கரையோரக் கிணறுகள் உவராகிப் போனதை இங்கே யாரும் மறந்திருக்கமாட்டார்கள். சாதாரண நாட்களிலும் கேத்திலின் அடியில் படிகிற வெள்ளைப் படலத்தைப் பார்த்தால் அந்தத் தண்ணீரில் கல்சியம் எவ்வளவு இருக்கிறது என்று விளங்கும். அதே கல்சியம் முடியிலும் ஒட்டுகிறது, அதிலும் செதில் பெயர்ந்த நுனியில் கூடுதலாக.

ஆவிக்கு இந்தக் குறை இல்லை. எவ்வளவு உவரான தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் உப்பும் கல்சியமும் பானையிலேயே தங்கிவிட, மேலே வருவது தூய நீராவி மட்டுமே. ஆனால் பெரும்பாலானோர் வீட்டில் செய்வது ஆவி பிடிப்பதே இல்லை. சுடுதண்ணீரில் துவாயைத் தோய்த்துப் பிழிந்து தலையில் சுற்றுவதுதான். அது உவர்க் கிணற்றுத் தண்ணீராக இருந்தால், நீக்க நினைத்ததையே சூடாக்கிப் பூசுகிறோம். குழாய்த் தண்ணீர் வரும் வீடுகளில் அதைப் பயன்படுத்தலாம். மழைநீர் பிடித்து வைத்திருந்தால் அது இன்னும் நல்லது.

நான் செய்யும் முறை இதுதான். முழுகுவதற்கு முன், உலர்ந்த முடியைச் சிக்கெடுத்து இரண்டாகப் பிரித்து, காதுக்குக் கீழே தொடங்கி நுனி வரை தேங்காயெண்ணெய் பூசுவேன். ஒழுகும் அளவுக்கு இல்லை, முடி பளபளக்கும் அளவுக்கு. பிறகு இடியப்பம் அவிக்கும் சட்டி போன்ற ஒன்றில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, மழைநீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துவாயை மடித்துத் தட்டின்மேல் வைத்து மூடிவிடுவேன். நான்கைந்து நிமிடத்தில் துவாயின் நடுப்பகுதி வரை ஆவி ஏறிவிடும். முதன்முதலில் இதைப் பார்த்த அம்மம்மா, "என்ன புள்ள, புட்டு அவிக்கிற சட்டியில தலையையும் அவிக்கப் போறியா?" என்று கேட்டுவிட்டு, துவாய்க்கென்று தனிச் சட்டி ஒன்றை எடுத்துத் தந்தார். சமையல் சட்டியில் துவாயை வைக்கக்கூடாது என்ற அவருடைய கட்டளையில் நியாயம் இருந்ததால் அது இன்றுவரை அப்படியே இருக்கிறது.

துவாயை இடுக்கியால் எடுத்து, உதறி, முன்கையின் உட்பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். அங்கே இதமாக இருந்தால் மட்டும் தலைக்குப் போகலாம். 60 பாகை வெப்பமுள்ள தண்ணீர் சில வினாடிகளிலேயே தோலைப் புண்ணாக்கும். ஆவி அதைவிடக் கொடியது: 100 பாகையில் உள்ள ஒரு கிராம் நீராவி தோலில் பட்டுத் தண்ணீராக மாறும்போது மட்டும் ஏறத்தாழ 2260 யூல் வெப்பத்தை விடுகிறது, அதே ஒரு கிராம் கொதிநீர் உடல் வெப்பநிலைக்கு ஆறும்போது விடுவது ஏறத்தாழ 263 யூல்தான். கொதிக்கும் பாத்திரத்தின் மேல் தலையைக் குனிந்து, துணியால் மூடிக்கொண்டு ஆவி பிடிக்கும் முறையை முடிக்காக யாரும் செய்யவேண்டாம் என்று நான் கண்டிப்பாகச் சொல்வது இதனால்தான். தடிமனுக்கு வேது பிடிப்பது வேறு விடயம். அதிலும் பாத்திரம் கவிழ்ந்து தொடையும் வயிறும் வெந்துபோவது நடக்கிறது, அதுவும் சிறு பிள்ளைகளுக்கு. போதாததற்கு, அந்த முறையில் ஆவி படுவது முகத்துக்கும் முன்னந்தலைக்கும். தேவையிருக்கும் பின்னல் நுனி முதுகில் தொங்கிக்கொண்டிருக்கும்.

இதமான துவாயை எண்ணெய் பூசிய முடியைச் சுற்றிக் கட்டி, மேலே பொலித்தீன் உறை அல்லது குளியல் தொப்பி போட்டுக்கொண்டால் சூடு சிறிது நேரம் நிற்கும். துவாய் ஆறியதும் சட்டியில் காத்திருக்கும் மற்றத் துவாயை மாற்றலாம். மொத்தமாக 15 நிமிடம், மிஞ்சிப்போனால் 20. அதற்குமேல் இருப்பதால் ஆதாயம் இல்லை. தொப்பியை உள்ளே போட்டு அதன்மேல் துவாயைச் சுற்றலாமா என்று கேட்பார்கள். தாராளமாகச் சுற்றலாம், ஆவி முடியைத் தொடாது, சூடு மட்டும் போகும். எண்ணெய்க்கும் கண்டிஷனருக்கும் வேண்டியது பெரும்பாலும் அந்தச் சூடுதான் என்பதால், நேராக்கிய முடியும் சாயமிட்ட முடியும் உள்ளவர்களுக்கு நான் சொல்வதே இந்த முறையைத்தான். அவர்கள் எண்ணெயை விட்டுவிட்டு, ஷம்பூ போட்டு அலசிய பின் கண்டிஷனரைப் பூசித் தொப்பி போட்டு, மேலே சூடான துவாயைச் சுற்றிப் பத்து நிமிடம் இருந்து அலசினால் போதும்.

பானைக்குள் எதைப் போடுவது என்று கேட்பவர்களும் உண்டு. வேதுக்கு நொச்சியும் வேப்பிலையும் போடும் பழக்கத்தில், முடிக்கு ஆவி பிடிக்கும்போது வெந்தயத்தையும் செவ்வரத்தம் பூவையும் போடுகிறார்கள். இலைகளில் இருந்து எளிதில் ஆவியாகும் வாசனைப் பொருட்கள் மட்டுமே நீராவியோடு மேலே வரும். வெந்தயத்தின் பயன் அதன் வழுவழுப்பில் இருக்கிறது, அந்த வழுவழுப்போ பெரிய மூலக்கூறுகளால் ஆனது. பானைக்குள் போட்ட வெந்தயம் பானைக்குள்ளேயேதான் இருக்கும். அதை இரவில் ஊறவைத்து அரைத்து, துணியில் வடித்து, முடியில் பூசி, அதன்மேல் ஆவியைக் கொடுத்தால் விடயம் வேறு. வெந்தயத்தில் உள்ள கலக்ரோமனன் என்ற கூட்டுச்சர்க்கரை வகையைச் சேர்ந்ததுதான் கொத்தவரை விதைப் பசையிலும் இருக்கிறது. அந்தப் பசையை நேரேற்றம் பெறும்படி மாற்றித்தான் பல கண்டிஷனர்களில் சேர்க்கிறார்கள். செவ்வரத்தை இலையை நன்னீரில் கசக்கி எடுக்கும் பசைக்கும் இதே குணம் உண்டு. வடிக்காமல் பூசினால் மட்டும் ஒரு வாரத்துக்குத் தலையில் துகள் உதிரும், பொடுகு என்று எண்ணிப் பயப்படவேண்டியிருக்கும்.

பார்லர்களைப் பற்றி ஒன்று மட்டும். அங்கே தலைமேல் கவிழ்க்கும் ஆவி இயந்திரம் வசதியானது. சூடு எல்லாப் பக்கமும் ஒரே சீராகப் படும், பலனோ வீட்டுத் துவாயை விட வெகுவாக உயர்ந்ததல்ல. ஆனால் 'கெரற்றின் சிகிச்சை' என்ற பெயரில் முடியை நேராக்குவதையும் ஆவி பிடிப்பதையும் ஒரே விலைப்பட்டியலில் அடுத்தடுத்துப் போட்டிருப்பதால், இரண்டும் ஒன்றுதான் என்று பலர் எண்ணுகிறார்கள். அந்த நேராக்கும் கலவைகளில் சில, சூட்டிரும்பு படும்போது போர்மல்டிஹைட்டு வாயுவை விடுகின்றன. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அந்த வாயுவை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதலாம் வகுப்பில் 2004 ஆம் ஆண்டு சேர்த்தது. கண்ணும் மூக்கும் எரிகிற சிகிச்சை எதுவாக இருந்தாலும் எழுந்து வந்துவிடுவதே நல்லது. அதைத் தினமும் சுவாசிக்கும், அங்கே வேலை செய்யும் பிள்ளைகளை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

ஆவி பிடித்த பிறகு செய்வதிலும் கவனம் வேண்டும். சூடாகவும் ஈரமாகவும் இருக்கும் முடி எளிதில் இழுபட்டு நீளும், அப்படி நீண்டு அறும். ஆகவே துவாயால் முறுக்கிப் பிழியாமல் ஒற்றியெடுத்து, பல் அகன்ற சீப்பால் நுனியில் இருந்து மேல்நோக்கிச் சிக்கெடுக்கவேண்டும். ஈரத்தோடு கொண்டை போடுவதும், உலருமுன் முக்காடோ ஹிஜாபோ அணிந்துகொண்டு வெளியே போவதும் உச்சித்தோலில் பூஞ்சை பெருக வழி செய்யும். காத்தான்குடியிலிருந்து வரும் எங்கள் சக ஆசிரியை இதற்காகவே விடுமுறை நாட்களில் மட்டும் ஆவி பிடிக்கிறார். சாம்பிராணிப் புகையில் முடியைக் காயவைப்பது வாசனைக்கு நல்லது. தணலுக்கு மிகக் கிட்டப் பிடித்தால் இத்தனை பாடுபட்டுக் கொடுத்த பூச்சைக் கருக்குவதாகிவிடும்.

கச்சான் வீசும் மாதங்களில் இரண்டு கிழமைக்கு ஒருமுறை செய்தால் போதுமானது. ஆஸ்துமா உள்ளவர்களும், தலைச்சுற்று வரும் கர்ப்பிணிகளும், தலையில் புண் அல்லது வீக்கம் உள்ளவர்களும் ஆவியை விட்டுவிட்டு எண்ணெயையும் கண்டிஷனரையும் சூடில்லாமல் பூசி, கூடுதல் நேரம் வைத்திருக்கலாம்; பலன் சற்றுக் குறையும், அவ்வளவுதான். ஐப்பசியில் மழை தொடங்கியதும் நான் ஆவியை முற்றாக நிறுத்திவிடுவேன். காற்றே முடிக்குத் தேவைக்கு அதிகமான தண்ணீரைக் கொடுக்கும்போது அதற்கு மேல் சட்டி வைத்து ஊட்டுவதில் பொருள் இல்லை. தை மாதம் வரை கண்டிஷனரை நுனிக்கு மட்டும் போட்டு, மின்விசிறியின் கீழ் முடியை முழுதாக உலர்த்துவதே வேலை. அந்த மாதங்களில் பொடுகு கூடினால் கீட்டோகொனசோல் என்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்து சேர்ந்த ஷம்பூவைப் பாமசியில் கேட்டு வாங்குங்கள். பொடுகுக்கு ஆவி மருந்தல்ல.